யானை போட்ட ரோடு

அந்தச் சாணத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பல வருஷமாகிவிட்டது. அந்தப் பாதையில் என்ன மரம் நின்றது, எந்தப் பக்கம் பள்ளம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நடுவழியில் கிடந்த அந்த யானைச் சாணம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் முன்னால் என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், குந்தி உட்கார்ந்து, குடை முனையால் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சந்தோஷமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உபயோகத்துல இருக்கற பாதையாக்கும்" என்றார்.

அத்திம்பேர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். மலையைச் சுற்றி ரோடு போட்டே காலத்தைக் கழித்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்து வந்தார். தினமும் நடக்க வேண்டும், செங்குத்தாக மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் பக்கத்தில் கரமனை ஆற்றங்கரையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து காப்பி குடித்திருப்பார்கள். இவர் கேட்டால்தானே. மலைதான் வேண்டும், ஆனால் ஏறுவதே தெரியாத மலை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்படி ஒரு மலை கல்யாணச் சமையலுக்குக் காய்கறி மாதிரி எங்கள் ஊர்ச் சாலை மார்க்கெட்டில் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அக்கா அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் ஒப்புக்கொண்டாள். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டாள். நான் கூடப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அவர் கையைப் பிடித்து அவள் நாடி பார்ப்பாள். அது வேகமாக ஓடுகிறது என்று தெரிந்தால் அன்றோடு மலை முடிந்தது, ஜன்மத்துக்கும் கிடையாது.

"இவரை முழுசாக் கொண்டுவந்து என் கையில தரணும், கேட்டயா" என்றாள் என்னிடம்.

காவலுக்கு அவள் பிடித்த ஆளைப் பாருங்கள். நான் அப்போது அக்கா வீட்டில் தங்கியிருந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. மனிதர்கள் எப்படி எப்படியெல்லாம் செத்துப்போனார்கள் என்று காலை பத்து மணி முதல் படித்துக்கொண்டே இருப்பதுதான் என் உத்தியோகம். வழுக்கி விழுந்தவர், தேங்காய் தலையில் விழுந்தவர், குளவி கொட்டியவர் எல்லாரும் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் படித்தவன் மாடிப்படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான்.

ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாய்ப் போயின. பொன்முடிக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து, கொண்டைஊசி வளைவுக்கு வளைவு நான் முன்சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொள்ள, நடுவில் எங்கேயோ இறங்குவோம். எதிரே வருகிறவரிடம் நல்ல நடைபாதை உண்டா என்று அத்திம்பேர் கேட்பார். நம் ஊரில் வழி தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. "தா, அடுத்தாணு சாரே", இதோ பக்கத்தில்தான் என்று கையை ஆகாயத்துக்கு நீட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். ஒரு பாதை நேராக ஓர் எஸ்டேட் நாயின் வாயில் முடிந்தது. இன்னொன்று பாதையே இல்லை, மழைத் தண்ணீர் இறங்கும் ஓடை. ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது; ஆரம்பத்திலேயே டீக்கடை இருந்தது. அதை அத்திம்பேர் பத்தடி நடந்ததுமே, "கிரேடியன்ட் செரியில்லை" என்று ஏற்றத்தின் சரிவைக் குறை சொல்லித் தள்ளிவிட்டார். டீ வந்து சேர்வதற்குள் என்னை எழுப்பிவிட்டார்.

பிறகுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது. "ஆனை எத்தனை கனம் இருக்கும்? அது செங்குத்தா ஏறுமோ? மலையைச் சுத்தி, மெள்ள மெள்ள, முட்டு வலிக்காம ஏறும். பிரிட்டிஷ்காரன் ரோடு போட்டதே ஆனை நடந்த தாரையைப் பாத்துண்டுதான். நமக்கு வேண்டியது அதாக்கும்."

"அத்திம்பேர், ரோடு போட்டவர் ரோட்டுல இருப்பாரே."

"இருந்தா ஒதுங்கி நிக்கணும். அவர் ரோடுதானே."

இப்படித்தான் தேயிலை எஸ்டேட்டான போனக்காட்டுக்குக் கிளம்பினோம். சக்கை என்று எங்கள் ஊரில் சொல்லும் பலாப்பழக் காலம். எங்கள் தெருவில் யாரும் வெறுங்கையோடு படி இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்குக்கூட நாலு பழம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அக்கா பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையப் பழுத்த சக்கைச் சுளையும், மேலே இடம் இருந்ததே என்று ஒரு சீப்பு நேந்திரம்பழமும் வைத்து என் முதுகுப்பையில் போட்டாள். நெடுமங்காடு தாண்டுவதற்குள் பஸ் முழுக்க மணத்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது, "சக்கயாணோ சாரே? ஆரும் உறங்குந்நில்லா" என்றார்; அந்த மணத்தில் பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லையாம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போனக்காட்டில் தேயிலைத் தொழிலாளர் லயன் வீடுகள் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் நம் தெற்கத்தித் தமிழர். எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டு, என் முதுகுப்பக்கம் மூக்கை நீட்டி ஒருமுறை மோந்தார்.

"சாமி, ஆன மேலதான் நிக்கி. பாத்துப் போங்க" என்றார். பிறகு, "இல்ல, நீங்க பாக்காண்டாம். அதுவே ஒங்களப் பாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அத்திம்பேரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் மூளை வேலை செய்யவில்லை. அந்த மனிதர் ஏன் மோந்தார் என்று யோசிக்காமல் பின்னாலேயே போனேன்.

பாதை நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மலையை அணைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் தேயிலைத் தோட்டம் எங்கோ கீழே கிடந்தது, எப்போது ஏறினோம் என்றே தெரியவில்லை. அத்திம்பேருக்கு மூச்சு வாங்கவில்லை; கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் நடக்கிற மாதிரி நடந்தார். அப்போதுதான் சாணம் வந்தது. அவர் கிளறியதில் உள்ளேயிருந்து சக்கைக்கொட்டை உருண்டு வந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரு பிடி.

நான் கொட்டைகளைப் பார்த்தேன். முதுகில் மணப்பது மூக்கில் ஏறியது. டீக்கடைக்காரர் ஏன் மோந்தார் என்பது அப்போது விளங்கியது. தூக்கை வீசிவிடலாம் என்றால் யானை இங்கேயே வரும். சுமந்துகொண்டு போகலாம் என்றால் என்னிடமே வரும். அத்திம்பேரைக் கேட்டேன். அவர் சாணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தின்னுடேன்" என்றார்.

தின்றேன். நடுக்காட்டில், தடயத்தை அழிக்கிற திருடன் மாதிரி, ஒரு வீட்டுக்கு ஒருநாள் காணும் சக்கைச் சுளையை மென்றும் மெல்லாமலும் உள்ளே தள்ளினேன். மேலே நேந்திரம்பழம். தூக்கைக் காலி செய்து இலையால் துடைத்தும் வைத்தேன். துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது: இப்போது மணப்பது தூக்கு அல்ல, நான்.

மேலே ஏதோ கிளை ஒடிந்தது. அது கருங்குரங்கு என்று அத்திம்பேர் பிற்பாடு சொன்னார். பார்த்தாராம், நின்று ரசித்தாராம். நான் பார்க்க நிற்கவில்லை. வயிற்றில் அத்தனை பாரத்தோடு ஒரு மனிதன் அவ்வளவு வேகமாக இறங்க முடியும் என்பது எனக்கே புதுத் தகவல். அக்கா என்னை எதற்கு அனுப்பினாள், யாரை முழுசாகக் கொண்டுவரச் சொன்னாள் என்பதெல்லாம் இரண்டாவது வளைவிலேயே மறந்துபோயிற்று. தேயிலைச் செடிக்குள் தலைகுப்புற விழுந்து கிடந்தவனை, அத்திம்பேர் நிதானமாக இறங்கி வந்து குடைக் கைப்பிடியால் கொக்கி போட்டுத் தூக்கினார். பிறகு என் பையையும் அவரே சுமந்தார்.

கரமனையில் அக்கா வாசலிலேயே நின்றாள். முதலில் அத்திம்பேர் கையைப் பிடித்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். பிடித்தாள், பிடித்துக்கொண்டே இருந்தாள். நம்பிக்கை வராமல் மற்றக் கையையும் பிடித்தாள். அத்திம்பேர் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி நின்றார். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். சட்டையெல்லாம் மண், தலையில் தேயிலை. என் கையைப் பிடித்ததும் அவள் கண் பெரிதாயிற்று.

"இவனுக்குத்தான் டாக்டரைக் கூப்பிடணும்" என்றாள்.

"அப்போ எனக்கு?" என்றார் அத்திம்பேர்.

அக்கா அவர் நாடியை இன்னொரு முறை பார்த்தாள்; நிதானமாகத்தான் இருந்தது போலும். "நீங்கோ போகலாம். ஆனா இவன் வேண்டாம். நானே வரேன்."

அடுத்த ஞாயிறு நான் எழுந்திருப்பதற்குள் இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள். கல்யாணமாகிக் கரமனைக்கு வந்த நாளிலிருந்து கோயில் குளம் தவிர எங்கும் போகாதவள், சாயங்காலம் புடவைத் தலைப்பெல்லாம் ஒட்டுப்புல்லோடு வந்து இறங்கினாள். "நீ என்னத்துக்குடா ஓடினே? நன்னாத்தானே இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு மழைக்காலம் தவிர ஒரு ஞாயிறும் அவர்கள் வீட்டில் இருந்ததில்லை.

இப்போதெல்லாம் அந்தப் பக்கம் நினைத்தபடி ஏறிவிட முடியாது. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அவர்கள் அனுப்புகிற ஆளோடுதான் போக வேண்டும். எனக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. சமீபத்தில் என் நெஞ்சையும் ஒரு டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்து, நடக்கச் சொல்லிவிட்டார். இப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து மியூசியம் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். சமதளம், காவலாளி, வாசலில் ஆட்டோ, எல்லா வசதியும் உண்டு.

இந்தச் செய்தி எப்படியோ கரமனைக்குப் போய்ச் சேர்ந்து, நேற்று அத்திம்பேர் போன் செய்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை காலம்பற ரெடியா இரு. நான் வரேன்."

"எதுக்கு அத்திம்பேர்?"

"உன்னைத் தனியா நடக்க விடப்படாதுன்னு உங்கக்கா சொல்லியாச்சு. நான் பாத்துக்கணுமாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. நெஞ்சில் கோளாறு உள்ள கிழவரை எனக்குக் காவல் அனுப்புகிறார்கள். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏற்றம் உண்டா?" என்றுதான் வந்தது.

"ஏறறதே தெரியாதுடா" என்றார்.