அம்மா கட்டிய வயிறு

“…அப்ப இவ்வளவு நாளும் நானே என்ரை பிள்ளையை அடைச்சு வைச்சனான்? கேளடி, அந்த மிசியிட்டை வடிவாக் கேள்!”

ஹம்பேர்க்கில் ஓர் ஆஸ்பத்திரி அறையில், வெளிச்சம் போட்ட கண்ணாடியில் என் வயிற்றின் எக்ஸ்ரே தொங்கிக்கொண்டிருக்க, அம்மா இப்படிக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. அறையில் சவர்க்கார வாசம் இருந்தது. அதையும் மீறிக்கொண்டு என்னிடமிருந்து வந்த மணமும் இருந்தது. ஊரில் தாதிகளை “மிசி” என்பார்கள், அம்மாவுக்கு இந்த ஜெர்மன்காரியும் மிசிதான். அம்மாவுக்கு ஜெர்மன் வராது, மிசிக்குத் தமிழ் வராது; ஆகவே இருவருக்கும் நடுவில் நின்று என் வயிற்றின் கதையை அங்கும் இங்கும் மாற்றிச் சொல்லும் வேலை என்னுடையது.

நான் மலவாசல் இல்லாமல் பிறந்தவள். “கதவு வைக்க மறந்துபோன வீடு” என்று அம்மா சொல்வார். பச்சைக் குழந்தையிலேயே வயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி வெட்டி, பிறகு உரிய இடத்தில் வாசல் அமைத்து, வயிற்று வழியைத் தைத்து மூடினார்கள். அதன்பின் ஜெர்மனியில் அகதி முகாமிலிருந்து எங்களை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டதில் டாக்டரிடம் தொடர்ந்து காட்டுவது விட்டுப்போயிற்று. கதவு வந்ததே தவிர, அதைச் சாத்திப் பிடிக்கிற பலமும், “வருகுது” என்று சொல்லுகிற உணர்வும் எனக்கு ஒழுங்காக அமையவில்லை. மற்றப் பிள்ளைகள் கையைத் தூக்கி அனுமதி கேட்டு ஓடுவார்கள். எனக்கோ எல்லாம் முடிந்த பிறகு மணத்தில்தான் தெரியும், அதுவும் பக்கத்தில் இருப்பவளுக்கு என்னைவிட முந்தித் தெரிந்துவிடும்.

அம்மாவின் தோளில் எப்போதும் ஒரு பை. அதற்குள் மாற்றுக் காற்சட்டை, ஈரத்துணி, இறுக்கிக் கட்டுகிற பொலித்தீன். ரயிலில் இடம் கிடந்தாலும் நாங்கள் இருப்பதில்லை, கதவடியில் நிற்போம். “உனக்கிருக்கிறது வயிறில்லையடி, வாய்க்கால்” என்று அலுத்துக்கொள்வார். சொன்ன கையோடு தலையைத் தடவிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அழுக்குக் காற்சட்டையைச் சுருட்டி ஹீட்டருக்குப் பின்னால் ஒளிப்பேன். அது சூட்டில் காய்ந்து, வீடு முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிடும்.

கோடை விடுமுறைக்கு முன் வகுப்பு ரீச்சர் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு, விடுமுறை முடிந்தும் இப்படியே இருந்தால் என்னைச் சிறப்புப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றவேண்டி வரும் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நேரே வந்திருந்த அப்பா, “படிப்பிலை ஒரு குறையுமில்லையே, பிறகேன் மாத்த வேணும் எண்டு கேள் பிள்ளை” என்றார். கேட்டேன். ரீச்சர் எழுந்துபோய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தார். வரும் வழியில் அப்பா, “நாட்டையே விட்டிட்டு வந்தம், இந்த மணத்தை விட்டிட்டு வர ஏலாமல் போச்சே” என்று சிரிக்கப் பார்த்தார்.

அந்தக் கோடையில்தான் அம்மா என் வயிற்றைக் கட்டத் தொடங்கினார். ஊரில் இடம்பெயர்ந்து கிடந்த நாட்களில் அவருடைய தம்பி ஒருவன் “வயித்தாலை போய்”, அதாவது வயிற்றோட்டத்தில், இரண்டு நாளில் செத்தவன்; அன்றிலிருந்து காற்சட்டையில் ஈரம் கண்டால் அம்மாவுக்கு அது ஓட்டம்தான், ஓட்டமென்றால் கட்டத்தான் வேண்டும். பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த அக்கா ஒருவரும், “மாதுளந்தோலை அவிச்சுக் குடுங்கோ, கல்லாக் கட்டிப்போடும்” என்று சொல்லிவிட்டார். பழம் நின்றது, கீரை நின்றது. பால் விடாத வெறுந்தேத்தண்ணி, வாழைக்காய், வெள்ளைச் சோறு, காலையும் மாலையும் நாக்கைச் சுருட்டுகிற அந்தக் கசாயம்.

முதல் சில நாட்கள் காற்சட்டை காய்ந்தே இருந்தது. “கண்டியளே, கட்டிப்போட்டுது!” என்று அம்மா அப்பாவுக்கு அதைத் தூக்கிக் காட்டினார், ஏதோ பரிசு வாங்கினதுபோல. பிறகு வந்தது பாருங்கள், முன்னையைவிட மோசமாக, நிற்காமல், தண்ணீர் தண்ணீராக. அம்மா கசாயத்தைத் தடிப்பாக்கினார். அது இன்னும் கூடியது. வயிறு உப்பி மேளம்போல ஆயிற்று. சாப்பிடாவிட்டால் வராதுதானே என்று நான் சோற்றையும் நிறுத்திவிட்டேன். ஒரு பின்னேரம் குளியலறை நிலத்தில் குந்தியிருந்து என் கால்களைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, அந்தக் கால்களையே கட்டிப்பிடித்து, “ஒருக்கால் காய்ஞ்ச காற்சட்டையோடை வந்து நில்லடி, நான் உன்ரை காலிலை விழுறன்” என்று குழறினார். நான் வயிற்றில் கிடந்த கசாயத்தையெல்லாம் அவர் தலைமயிருக்குள் சத்தி எடுத்தேன். அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

எக்ஸ்ரேயில் கட்டி கட்டியாகத் தெரிந்ததை மிசி பேனையால் சுற்றிக் காட்டினார். எனக்கு ஓட்டமே இல்லையாம், அடைப்பாம். குடல் முழுக்க மலம் இறுகிப்போய்க் கிடக்க, புதிதாக வருவது அதன் ஓரத்தால் கசிந்து வழிகிறதாம். கட்டக் கட்ட அடைப்புக் கூடும், அடைக்க அடைக்கக் கசிவும் கூடும். இதை நான் தமிழில் சொல்லி முடிக்க முதல்தான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இதெல்லாம் பழைய கதை; நான் வளர்ந்து, வேலைக்கென்று ஹனோவருக்கு வந்து கனகாலம். மாலையில் ஒரு மணித்தியாலம் இன்றும் குளியலறைக்கு உரியது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் குழாயுமாகக் குடலைக் கழுவி நானே பார்த்துக்கொள்கிறேன், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே விட்டார்களா என்று கேட்பீர்கள். விட்டார்கள், ஆனால் கடைசிவரை என் பக்கத்துக் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. கடைக்கார அக்கா போய்விட்டார், கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். மணமும் போய்விட்டது. ஆனாலும் யாராவது எழுந்து ஜன்னலைத் திறந்தால் நான் இன்னும் குளியலறைக்குப் போய் உடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில், அம்மாவின் கேள்விக்கு மிசி இல்லையென்று தலையை ஆட்டி, வெளியில் பார்த்தால் எவருக்கும் ஓட்டம்போலத்தான் தெரியும், அம்மாவில் பிழையில்லை என்று சொல் என்றார். சொன்னேன்.

“நீ எனக்காண்டி மாத்திச் சொல்லுறாய்” என்றார் அம்மா.

“இல்லையம்மா, அவ அப்பிடித்தான் சொன்னவ.”

அம்மா நம்பவில்லை. மிசி தண்ணீர்ப் பையையும் மெல்லிய குழாயையும் மேசையில் வைத்து, முதலில் இங்கே சில நாள் குடலைக் கழுவி எடுப்போம், பிறகு வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒருவர் இதைச் செய்யவேண்டும், அநேகமாக எப்போதைக்குமே என்றார். அதையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அம்மா எக்ஸ்ரேயை ஒருதரம் பார்த்தார். பிறகு, தாலி கட்டிய நாளிலிருந்து கழற்றாத காப்புகளைச் சவர்க்காரம் போட்டுக் கஷ்டப்பட்டு ஒவ்வொன்றாக உருவி, என் கையில் தந்துவிட்டு, முழங்கைவரை தேய்த்துக் கழுவி, குழாயைத் தரச்சொல்லி மிசியிடம் கையை நீட்டினார்.