வாலில் பிணைத்த புரோகிராம்

ஆரணியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே பெண் என்று அபிதகுசாம்பாளை ஊரே மெச்சியது. கடைசியில் அந்த மெச்சல்தான் அவள் கழுத்தைப் பிடித்தது.

பட்டு வியாபாரி அருணகிரி 1986-இல் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, வேலூரில் படித்துவிட்டு வந்திருந்த அவளை அதன் முன்னால் உட்கார வைத்தார். எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு போயிற்று, எத்தனை சேலை திரும்பி வந்தது என்று காட்டும் புரோகிராமை அவளே எழுதினாள். அதோடு விட்டாரா மனிதர்? இன்றைக்குச் சரிகை, நாளைக்குச் சாயம் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். அவளோ தறிக்காரர் வீட்டுப் பெண். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பாவு முடிந்தால் பழையதை அறுத்து எறியமாட்டார்கள். அதன் முனையில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்து மேலே நெய்வார்கள். அவளும் அப்படியே பழைய புரோகிராமின் வாலில் புதியதைப் பிணைத்துக்கொண்டு போனாள். பெயர் வைப்பதிலாவது ஒரு முறை உண்டா? தறிக்காரருக்கு ஓரிடத்தில் ஒற்றை எழுத்து, இன்னோரிடத்தில் முழுப் பெயர், அவசரமான நாளில் வாயில் வந்தது. தனக்குப் புரிந்தால் போதாதா என்ற திமிர். வேறு யாரும் இதில் கை வைக்க முடியாது என்பதில் பெருமை வேறு.

மூன்றாம் வருஷம் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும்.

"போம்மா, யாரு வேணாங்கறாங்க?" என்றார் அருணகிரி, வெற்றிலையை மடித்தபடி. "வர்ற ஆளுக்கு இத்த முழுசா புரிய வெச்சிட்டுப் போ. பாதியில உட்டுட்டுப் போனா, உங்கப்பாவுக்குப் பாவு குடுக்கறதப் பத்தி நானும் யோசிக்கணும்."

அப்பா நெய்வது அவர் கொடுக்கும் பாவைத்தான்.

புதிய ஆளாக வேலூரிலிருந்து ஜெகநாதன் வந்தான். அவள் எழுதியதைப் படிக்கப் படிக்க அவன் முகம் சுருங்கியது.

"இன்னாங்க இது, ஒரே ஆளு எழுதனா மாதிரியே இல்லியே. ஒரு பொருளுக்கு ஒரே பேருன்னு வெச்சி மொதல்லேர்ந்து திருத்திடலாங்க."

இருவரும் உட்கார்ந்து திருத்தினார்கள். பெயர்கள் ஒழுங்குக்கு வர வர, சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டதுபோல் அவளுக்கு மனசு லேசாயிற்று. அப்போது நடுவில் சில வரிகள் குறுக்கிட்டன. எதற்காக எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவற்றை நீக்கிப் பார்த்தார்கள், பக்கத்து ஊர் சேவூர் தறிகளின் கணக்கே காணாமல் போயிற்று. திரும்பப் போட்டதும் வந்துவிட்டது.

"இது ஏங்க இங்க கீது?"

"தெரியலீங்க."

"எழுதன உங்களுக்கே தெரியலன்னா நான் எப்பிடிங்க பொறுப்பேத்துக்கறது? எனக்கு இந்த பேஜாரு வேணாங்க." அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அதற்குப்பின் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒன்றாம் தேதி வந்தது, போனது. அருணகிரியை மனசுக்குள் ஆசை தீரத் திட்டினாள். ஆனால் அந்த வரிகளை எழுதியது அவரில்லையே.

"அபிதா, தீபாவளிச் சேலைக்குத் தனியா கணக்கு வேணும். ஜல்தி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். இது எதற்கு, ஏன் என்று முதலில் ஒரு வரி விளக்கம் எழுதத் தொடங்கினாள். ஜெகநாதன் சொல்லிக்கொடுத்த வழக்கம். பாதியில் கை நின்றது. இனிமேல் இதைப் படிக்க யார் வரப்போகிறார்கள்? எழுதியதை எழுத்து எழுத்தாக அழித்தாள்.