அத்தையின் இடது கை

எங்கள் அத்தைக்கு இடது கையில் நாடி கிடையாது. அதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை, அப்பாவின் தங்கை. கண்டமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கம்பெனி வேலைக்குப் போவாள். கிளம்புவதற்கு முன் எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவாள். கொஞ்ச காலமாக ஒரு சடை முடிவதற்குள் இடது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கை அசந்துபோகிறது என்பாள், எழுந்தால் தலை சுற்றுகிறது என்பாள். சடை போடவே இத்தனை ஓய்வா, போகிற வீட்டில் என்ன செய்யப்போகிறாள் என்று அம்மா கேலி செய்வாள். கம்பெனிக்குப் பிரஷர் பார்க்க வந்தவர்களும் இடது கையில் மிஷின் ஒன்றும் காட்டவில்லை என்று, வலது கையில் பார்த்துவிட்டுப் போனார்களாம். பழி மிஷின் மேல் விழுந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் ஒருவர் கையையும் நான் விட்டுவைக்கவில்லை. அத்தையின் வலது கையில் நாடி நன்றாகத் துடித்தது. இடது கையில் ஒன்றுமே இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அந்தக் கை மட்டும் சில்லென்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாடியே இல்லாத கையை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"தெரியாம பாத்துக்கினு பேஜார் பண்ணாத" என்றாள் அம்மா. ஆனால் அவளும் பிடித்துப் பார்த்தாள். பிறகு அப்பா பார்த்தார். அதற்குமேல் யாரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார், கழுத்தில் குழாய் வைத்துக் கேட்டார். ரத்தக் குழாயின் சுவர் வீங்கி வழியை அடைக்கிறது, இப்படியே விட்டிருந்தால் மூளைக்குப் போகிற ரத்தமும் நின்றிருக்கும் என்றார். மற்ற டாக்டர்களும் வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். நான் கண்டுபிடித்த அதிசயத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாத்திரையில் அத்தையின் முகம் உப்பியது. நன்றாகத் தேறிவிட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். தினமும் சடை பின்னி முடித்ததும் இடது கையை என்னிடம் நீட்டுவாள்.

"இருக்குதா பாருடி."

நான் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். "இல்ல அத்தே" என்பேன், வாயெல்லாம் பல்லாக.

அப்படி ஒரு கை எங்கள் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. அது எப்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் வேண்டிக்கொள்வேன். பக்கத்தில் அத்தையும் கண்மூடி நின்றிருப்பாள். அவள் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.