தரைக்கு அடியில் கேட்ட அழுகை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய கோடை விடுமுறையில், திண்டிவனத்தில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஆனால் அன்றைக்கு நடந்தது புரிய வேண்டுமென்றால், அதற்குக் கொஞ்சம் முன்னால் விழுப்புரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து காணை போகும் சாலையில் எங்கள் வீடு. பின்கதவைத் திறந்தால் கரும்பு வயல். வயலுக்கு நடுவே பக்கத்து நிலத்துக்காரரின் பம்பு செட்டும், தண்ணீர் கொட்டும் சிமெண்ட் தொட்டியும் இருக்கின்றன. தொட்டிச் சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை. என் மகளுக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருந்தது. நில் என்றால் ஓடுவாள், ஓடாதே என்றால் பறப்பாள். மோட்டார் சத்தம் கேட்டால் போதும், அந்தப் பக்கம் கிளம்பிவிடுவாள். கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு அதையும் திறந்தாள். நாள் முழுக்கக் கதவருகே காவல் நிற்க எனக்கு வேறு வேலை இல்லையா என்ன?

என் கணவர்தான் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். பைபாஸ் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு, தண்ணீரில் விழுந்தால் எப்படி உயிர் பிழைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்களாம். போட்டி, பதக்கம் எதுவும் கிடையாது. தவறி விழுந்த பிள்ளை புரண்டு மல்லாந்து, மேலே பார்த்தபடி மிதந்துகொண்டு, ஆள் வரும் வரைக்கும் மூச்சு விட வேண்டும். பாடமே அவ்வளவுதான். மூன்று வயதுக்கு இதெல்லாம் வருமா என்று எனக்குச் சந்தேகம்தான். வராவிட்டால் போகிறது, வெயிலுக்குத் தண்ணீரில் ஆடிவிட்டு வரட்டும் என்று சேர்த்தேன்.

எங்கே ஆடினாள்? அழுதாள். சாதாரண அழுகை இல்லை, பைபாஸில் போகிற பஸ்காரருக்குக் கேட்டிருக்கும்.

சொல்லிக்கொடுத்தவர் முகையூர் பக்கத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவர், சென்னையில் பயிற்சி எடுத்து வந்தவர். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. முதல் நாள் அவர் என் மகளின் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்க வைத்தார். அவள் வீறிட்டதும் நான் குளத்தின் ஓரத்துக்கே ஓடிவிட்டேன். என்னைப் பார்த்தாளோ இல்லையோ, "அம்மா" என்று இரண்டு கையையும் என் பக்கம் தூக்கினாள். கை தூக்கியதும் இடுப்பு கீழே போய், வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. மிஸ் அந்த நொடியே அவளைத் தூக்கிவிட்டார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"நீங்க அந்தச் செவுத்துக்குப் பின்னாடி போய் உக்காருங்க. உங்க மூஞ்சி தெரிஞ்சா புள்ள கைய தூக்கும். கைய தூக்குனா முழுகிடும்."

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் முகத்தைப் பார்த்தால் பிள்ளை மூழ்குமா? இது என்ன பேச்சு? ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகு என்ன வாதாடுவது? "அழுதுக்கினே இருக்குதேங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அழட்டும். அழற புள்ள மூச்சு வுடுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னுபோனாதான் நான் பயப்படுவேன்."

அன்றிலிருந்து தினமும் உடை மாற்றும் அறையின் சுவருக்குப் பின்னால்தான் என் இடம். பார்க்க முடியாது, கேட்க மட்டும் முடியும். மல்லாந்து கிடந்து அழுகிற பிள்ளையின் அழுகை வேறு மாதிரி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இழுத்து ஓர் அழுகை, பிறகு கேவலோடு ஒரு பெரிய மூச்சு, மறுபடி இழுத்து ஓர் அழுகை. நடுநடுவே மிஸ்ஸின் குரல்: "மேல பாரு. வயித்தத் தூக்கு. காதுக்குத் தண்ணி வரட்டும்." வேறு எதுவும் சொல்ல மாட்டார். இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

இந்த லட்சணத்தில் என் கணவர், மகள் மிதப்பதையும் நான் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதையும் பெருமைக்கு ஒரு வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். ஊரே திரண்டு திட்டியது. முதல் போன் திண்டிவனத்து அக்காவிடமிருந்துதான்.

"உனுக்கு என்ன பைத்தியமாடி? பச்ச மண்ண தண்ணியில போட்டு அழ வுட்டுட்டு, நீ செவுத்துக்குப் பின்னாடி குந்திக்கினு இருக்கியா? உனுக்குப் புள்ள வேணாம்னா இங்க கொண்டாந்து வுடு, நான் வளத்துக்கிறேன்."

எனக்கும் மனசுக்குள் அதே எண்ணம்தானே? நிறுத்திவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பின்கதவைத் திறந்து, அந்தத் தொட்டியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன்.

போகப்போக அழுகை குறைந்தது. குப்புறப் போட்டால் தானே புரண்டு மல்லாந்துகொள்ளப் பழகினாள். கடைசி வகுப்புகளில் வீட்டில் போடுகிற உடுப்போடு வரச் சொன்னார் மிஸ். எதற்கு என்று கேட்டேன். "தவறி வுழற புள்ள நீச்சல் டிரெஸ் போட்டுக்கினா வந்து வுழப் போவுது?" என்றார். ஒரு பழைய ஃபிராக்கைப் போட்டுக் கூட்டிப் போனேன். அதோடும் மிதந்தாள்.

அதற்குப் பிறகுதான் விழா.

அன்று காலையில் பார்த்து அக்கா வீட்டு மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. வீடு நிறைய உறவு, பந்தலுக்குப் பின்னால் சமையல், மேலே டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுப் பக்கவாட்டில் தரைக்குக் கீழே தண்ணீர் தேக்கும் பெரிய சம்ப் இருக்கிறது. அதன் இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு, கயிறு கட்டிய பக்கெட்டால் சமையல்காரர்கள் சேந்திக்கொண்டிருந்தார்கள். அந்த மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூடித் திறப்பது பேஜாரு என்று, அக்கா தன் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ஒன்றை நாலாய் மடித்து அந்த வாய்மேல் விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டாள். சமைக்கிற தண்ணீரில் பந்தல் தூசி விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறை. எங்கள் வீடுகளில் தண்ணீர்க் குடமானாலும் சோற்றுக் குண்டானாலும் மேலே வெள்ளைத் துணியை மூடிவிட்டால் பத்திரம் என்று ஒரு நினைப்பு. அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் பார்த்தோம். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

சீர்வரிசை வந்து இறங்கியது. நான் வளையல் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். மகள் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு பந்தல் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்ததைச் சற்றுமுன்தான் பார்த்திருந்தேன். மேளம் காதைப் பிளந்தது. தட்டுகளை இறக்கி வைக்கிற நேரத்தில் மேளக்காரர்கள் சற்று நிறுத்தினார்கள்.

அந்த இடைவெளியில் ஓர் அழுகை கேட்டது. வீடு நிறையக் குழந்தைகள், யார் கவனிப்பார்கள்? "எதோ கொழந்த தூங்கி எழுந்துக்கிச்சு போல" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் மட்டும் அப்படியே நின்று காதைக் கொடுத்தேன். இழுத்து ஓர் அழுகை, கேவலோடு பெரிய மூச்சு, மறுபடி இழுத்து ஓர் அழுகை. அது மல்லாந்து கிடக்கிற அழுகை. அதுவும் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடிப் போய்ப் பார்த்தால், வேட்டி ஒரு பக்கமாகச் சரிந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலைச் செங்கலைக் காணோம். தரையோடு தரையாகப் படுத்து உள்ளே தலையை நீட்டினேன். காலையிலிருந்து சேந்தியதில் தண்ணீர் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது, கை எட்டாது. அந்த இருட்டில், பாவாடை விரிந்து கிடக்க, முகம் மேலே பார்க்க, மிதந்துகொண்டிருந்தாள் என் மகள்.

என்னைப் பார்த்துவிட்டாள். "அம்மா" என்று இரண்டு கையையும் தூக்கினாள்.

தூக்கியதும் முகம் உள்ளே போனது. அவள் வாயைத் தண்ணீர் மூடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

சட்டென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். சம்ப் வாய்க்குப் பக்கத்திலேயே, அவளுக்கு என் முகம் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டு கத்தினேன். "மேல பாரு! வயித்தத் தூக்கு! காதுக்குத் தண்ணி வரட்டும்!" உள்ளே சத்தமே இல்லை. மிஸ் சொன்ன பயம் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எட்டிப் பார் என்று உடம்பெல்லாம் அடித்துக்கொள்கிறது. பார்த்தால் மறுபடி கையைத் தூக்குவாள். தரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதே மூன்றையும் திரும்பத் திரும்பக் கத்தினேன். அது எத்தனை நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலில் ஓர் இருமல். பிறகு, இழுத்து ஓர் அழுகை. போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "பெத்தவ எட்டிக்கூடப் பாக்காம குந்திக்கினு கத்திக்கினு இருக்கா, புத்தி பேதலிச்சுப்போச்சு போல, அவள இஸ்துக்கினு போங்க" என்று ஒரு குரல். என் தம்பி ஓடி வந்தவன் அப்படியே குதிக்கப் பார்த்தான். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "குதிக்காதடா, புள்ள மேல வுழுவ. ஓரமா தொங்கி எறங்கு."

அவன் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, காலை ஊன்றி நின்றான். தண்ணீர் அவன் மார்புக்கு மேல் இருந்திருக்கிறது. "புடிச்சிட்டேன்க்கா" என்று அடியிலிருந்து அவன் சொன்ன பிறகுதான் நான் எட்டிப் பார்த்தேன். இப்போது அவள் எத்தனை தடவை கை தூக்கினாலும் பயமில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள், சாயங்காலம் வரை வைத்திருந்து, ஒன்றுமில்லை, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். வாந்தி எடுத்து முடித்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "பாவாட நனஞ்சிபோச்சும்மா." திட்டு விழும் என்று பயந்திருக்கிறாள். கட்டிக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்ய?

திரும்பி வந்தபோது அக்கா அந்த ஈர வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். விழாப் பெண்ணை யார் அலங்கரித்தார்கள், சாப்பாடு எப்படி நடந்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. "தூசி வுழக்கூடாதுன்னுதான்டி போட்டேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதே வேட்டியைத்தான் விரித்திருப்பேன். குழந்தையை அவள் மடியில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

விழுப்புரம் வந்ததும் முதல் வேலையாகப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். காலில் விழுகிற நிலைமையில்தான் போனேன். நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் மகளின் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். சந்தோஷப்படுவார், பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மூடி போட்டாச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்த சம்ப்புக்குங்க. இவ மெதந்தா, சரி. எவ்ளோ நேரம் மெதப்பா? அந்தக் கல்லு தலையில வுழுந்திருந்தா? மேளம் நிக்காம இருந்திருந்தா? நான் கத்துக்குடுத்தது நீங்க வர்ற வரைக்கும்தாங்க. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என்ன மனுஷி இவர் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனசுக்குள் திட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "மூடி போட்டாச்சா?" என்று நானும் கேட்டேன். இல்லை, அன்றைக்குத் திறந்தது அப்படியேதான் இருக்கிறது, மேலே பலகை போட்டு வைத்திருக்கிறோம் என்றாள். அந்த வாரமே ஒற்றை ஆள் தூக்குகிற மாதிரி லேசான மூடியும் பூட்டும் வந்தன. பின்வயல் தொட்டியைச் சுற்றி என் கணவரும் நிலத்துக்காரருமாகச் சேர்ந்து கம்பி வலை கட்டினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போதும் உறவுக்காரர்கள் என் மகளைப் பார்த்தால், தண்ணீரே தோற்றுப்போச்சு என்று திருஷ்டி கழிக்கிறார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பெரியவர்கள் நடமாடிய அந்த வீட்டில், ஒரு மூன்று வயதுப் பிள்ளை மட்டும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தவறாமல் செய்துகொண்டு, யாராவது வருவார்கள் என்று அந்த இருட்டில் காத்துக் கிடந்தாள் என்பதை நினைக்கிறபோதெல்லாம், பெருமைக்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வருகிறது.