பட்டியலில் சேராத மேகமலை

சாவதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டு வைத்தால் ஒன்றும் நடக்காது என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். நடக்கும். எனக்கு நடந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது, பக்கெட் லிஸ்ட் என்று சொல்லி என்னை எழுத வைத்தான். கம்பத்துத் திராட்சைக்காரனுக்கு ஆசைக்கா பஞ்சம்? விமானம் ஏற வேண்டும், காசியில் முழுக வேண்டும், தாஜ்மகாலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நிரப்பினேன்.

அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். மேகமலைக்கு ஒரு தடவை போக வேண்டும் என்றாள் என் மனைவி. அவள் பிறந்தது அங்கே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில். எட்டு வயதில் தாய் செத்ததும் சின்னமனூர் மாமா வீட்டுக்கு இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவள் மலை ஏறவே இல்லை.

"இந்தா தெரியுது மேகமல. நெனச்ச அன்னைக்குப் போயிட்டு வரலாம். இதையெல்லாமா எழுதுவாக?" என்று சிரித்தேன். மகனும் சிரித்தான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்கு ஓய்வு கிடையாது. ஒரு தோட்டத்தில் பழம் வெட்டி முடிப்பதற்குள் அடுத்ததில் கொடியை வெட்டிவிடும் கவாத்து வந்துவிடும். அப்புறம் மருந்தடிப்பு, அப்புறம் மழை பயம். அதனால் எதைக் கேட்டாலும், "இந்தக் காய் எறங்கட்டும்" என்பதுதான் இங்கே பதில். கல்யாணப் பேச்சுக்கும் அதுதான், ஆபரேஷனுக்கும் அதுதான். அவளுக்கும் வருடக்கணக்காக அதையே சொன்னேன். காசிக்கு மட்டும் சொல்லவில்லை. டிக்கெட் போட்டுவிட்டால், பழம் கொடியிலேயே வெடித்தாலும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். விமானத்தில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்ததில் எனக்குப் பெருமை வேறு.

பிறகு அவளுக்குச் சர்க்கரை ஏறியது. பார்வை மங்குகிறது என்றாள். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். காய் இறங்கட்டும், மதுரையில் காட்டுவோம் என்றேன். மதுரைக்குப் போனபோது விழித்திரை கெட்டுவிட்டது, இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார் டாக்டர்.

மறுவாரமே, பழுத்த தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஜீப் பிடித்து அவளை மேகமலைக்குக் கூட்டிப்போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று எவனாவது கேட்டிருந்தால் அறைந்திருப்பேன். எவனும் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொண்டேன்.

லயம் இடிபடாமல் இருந்தது. ஒரே தகரக் கூரை, ஒரே அளவு, ஒரே நீலக் கதவு, வரிசையாகப் பதினெட்டு வீடுகள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தேயிலை வாசத்தை இழுத்தபடி நின்றாள்.

"எங்க வீட்டு வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

எத்தனையாவது வீடு என்று கேட்டேன்.

"நம்பரெல்லாம் யாரு கண்டா? கண்ணால பாத்திருந்தா காட்டியிருப்பேன்."

இப்போது குடியிருப்பவர்கள் எல்லோரும் புதியவர்கள். அவள் குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வாசலாகக் கூட்டிப்போய் நிறுத்தினேன். பதினெட்டுக் கதவு நிலையையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தெரியலை என்றாள்.