எதிர்நாற்காலிக்காரியின் அக்கா

அவளுக்கு அக்கா கிடையாது. தம்பி, தங்கை, ஒன்றுவிட்ட உறவு, இரண்டுவிட்ட உறவு, எதுவுமே கிடையாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஒரு மாடி வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த ஊரில் ஏகப்பட்ட பேருக்கு அவளுடைய அக்காவைப் பற்றித் தெரியும்.

முதலில் அவள் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். கன்னம் வீங்கி வந்தவர்கள்கூட அவளிடம் மருமகள் கதையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒரு பேராசிரியை இதைக் கவனித்தார். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர் அவர். பல் போன கையோடு, வாயில் பஞ்சைக் கடித்தபடியே கேட்டார். "என்கிட்ட வேலைக்கு வர்றியாம்மா? உக்காந்து பேசுற வேலைதான்."

உட்கார்ந்து பேச யாருக்குக் கசக்கும்? போனாள்.

ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கூரையில் ஒரு கேமரா. ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். எதிரே இருப்பவளும் தங்களைப் போலப் பெயர் கொடுத்து வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். மழை, வெயில், பஸ் கூட்டம் என்று பேச்சு தொடங்கும். ஓர் இடத்தில் அவள் குரலைத் தாழ்த்தி, பேராசிரியை எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். "எனக்கு ஒரு அக்கா இருந்தா. நான் ஸ்கூல் படிக்கறப்ப ஒருநாள் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் வரல." அவ்வளவுதான். பிறகு இருவரும் தத்தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் உட்கார வேண்டும். முதலில் அவள் உட்காருவாள். வந்தவர் தன் நாற்காலியை எவ்வளவு கிட்டப் போடுகிறார் என்பதைத்தான் அந்த அறையின் கூரையில் இருக்கும் இன்னொரு கேமரா அளக்கும். முன்பின் தெரியாதவள் ஒரு துக்கத்தைச் சொன்னால் மனிதர் எத்தனை நெருக்கத்துக்கு வருவார் என்பதுதான் பேராசிரியையின் கேள்வி.

நெருங்கி வந்தார்கள். முரட்டு மீசைக்காரர்கள்கூட நாற்காலியை இழுத்து அவள் முழங்காலுக்கு எதிரே போட்டார்கள். தங்கள் வீட்டில் காணாமல் போனவர்கள், செத்தவர்கள், பேசாமல் போனவர்கள் எல்லாரையும் கொண்டு வந்து அவள் மடியில் கொட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் அவள் பின்படி வழியாக இறங்கிவிடுவாள். உதவியாளர் உள்ளே வந்து உண்மையைப் போட்டு உடைப்பார். "அந்த அக்கா கற்பனைங்க. மன்னிச்சுக்குங்க." இதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். இங்கே ஒரே பொய், அதைக் கேட்டு ஆயிரம் பேர் உருகினார்கள். கல்யாணம் மட்டும் யாருக்கும் ஆகவில்லை.

அவளை அங்கே எல்லாரும் எதிர்நாற்காலிக்காரி என்றே கூப்பிட்டார்கள். வருஷங்கள் போயின.

ஒரே பொய்யைத் தினமும் சலிக்காமல் சொல்வது லேசான வேலை இல்லை. சொல்லும்போது மனதுக்குள் ஏதாவது தெரிந்தால்தான் குரலில் உயிர் இருக்கும். அதனால் அவள் அக்காவுக்கு ஒரு முகம் கொடுத்தாள். மோவாயில் ஒரு மச்சம் வைத்தாள். கோபத்தில் மூக்கு விடைப்பதையும் சேர்த்தாள். தன்னைச் செல்லமாகக் கூப்பிட அக்காவுக்கு ஒரு பெயரும் கொடுத்தாள், "சுண்டு" என்று. இதில் எதையும் அந்த அறையில் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு வார்த்தை கூடினாலும் ஆராய்ச்சி பாழ் என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

பிறகு சில விஷயங்கள் நடக்க ஆரம்பித்தன. பஸ்ஸில் ஏறினால் பெண்களின் மோவாயைப் பார்த்தாள். வீட்டுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது, கட்டிலின் மறுபாதியில் மெத்தை குழிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. எழுந்து போய்விட்டாளே என்ற ஏக்கம்தான் வந்தது. அதை நினைத்தபோதுதான் பயம் வந்தது.

பேராசிரியையிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உன் வேலையில நீ கெட்டிக்காரின்னு அர்த்தம்."

கெட்டிக்காரிகள் இருக்கிற இடத்தில்தான் மற்றவர்கள் கோட்டைவிடுவார்கள். ஒரு நாள் ஒரு தையல்காரி வந்திருந்தார். பள்ளிச் சீருடை தைப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. கதையைக் கேட்டதும் அவர் அழவில்லை. நாற்காலியை இரண்டு முழங்காலும் இடிக்கும்படி போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே வயித்துல பொறந்தவ எங்கடி போயிடுவா?" என்றார். அந்த நேரம் பார்த்து, தீப்பிடித்தால் ஓடுவது எப்படி என்ற பயிற்சிக்கு மணி அடித்தது. கட்டிடமே காலியாகி மைதானத்தில் நின்றது. பிறகு எல்லாரும் மேலே வந்தார்கள், தையல்காரி வரவில்லை. உதவியாளர் சொல்லியிருப்பார் என்று பேராசிரியை நினைத்தார். பேராசிரியை சொல்லியிருப்பார் என்று உதவியாளர் நினைத்தார். அந்தக் கதை பொய் என்பது தெரியாமலேயே ஊருக்குள் ஒரு மனுஷி போய்விட்டார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு விடுமுறை நாள் மாலை, வெயில் இன்னும் இறங்கவில்லை. வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பழகிப்போன சத்தம்தானே என்று அவள் எழவில்லை. கதவு தட்டப்பட்டது.

தையல்காரி நின்றிருந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. "உங்க வீட்டைக் கண்டுபிடிக்கவே நாயா அலைஞ்சேன். பஸ்ல பார்த்து, பின்னாலயே வந்து, எப்படியோ... பாருங்கம்மா. கொண்டு வந்துட்டேன்."

அவருக்குப் பின்னால், புதிதாகத் தைத்த உடுப்பில், நரைத்த தலையோடு ஒரு பெண். மோவாயில் மச்சம்.

அவள் பார்வை அந்த மச்சத்தை விட்டு நகரவில்லை.

தையல்காரி விடாமல் பேசினார். ஒவ்வொரு காப்பகமாக ஏறி இறங்கியிருக்கிறார். "தங்கச்சி தேடிக்கிட்டிருக்கா, இங்க யாராவது வீட்டை விட்டு வந்தவங்க இருக்கீங்களா" என்று கேட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் இந்த அம்மா எழுந்து நின்றாராம். பேர் ஊர் எல்லாம் மறந்துபோனவர். "இருட்டுறதுக்குள்ள திருப்பிக் கொண்டு வந்து விடணும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. உறவுன்னு நீங்க வந்து சொன்னா இங்கயே விட்டுடுவாங்களாம். உங்க வார்த்தைதான்மா."

அந்த அம்மா நேராக உள்ளே நடந்தார். கட்டிலின் மறுபாதியில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "சுண்டு, கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

தண்ணீர் மொள்ள எடுத்த சொம்பு அவள் கையிலிருந்து நழுவியது. தையல்காரிக்கு அது போதுமாக இருந்தது. "பார்த்தீங்களா! தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றவர், அக்காவின் பை கீழே ஆட்டோவில் இருப்பதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

இப்போது அறையில் இருவர் மட்டும். திரும்பி வந்ததும் தையல்காரி கேட்பார், ஒரு வார்த்தையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆமாம் என்றால் முன்பின் தெரியாத ஒருத்தியைச் சாகும்வரை கட்டிக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் இந்த அம்மா இருட்டுவதற்குள் அந்தக் காப்பகத்துக் கட்டிலுக்குத் திரும்பிவிடுவார். இல்லையென்று சொல்லத்தான் அவளுக்கு நியாயம் இருந்தது. இத்தனை வருஷம் அந்த வார்த்தையை அவளுக்காக உதவியாளர்தான் சொல்லி வந்தார்.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"எந்தப் பேரு?"

"சுண்டுன்னு கூப்பிட்டீங்களே."

அந்த அம்மா யோசித்தார். "தெரியல. வாயில வந்துச்சு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தாள். "எனக்கு அக்காவே கிடையாதுங்க. அது ஒரு பொய். ஆராய்ச்சிக்கு எழுதிக் குடுத்தாங்க, நான் சொன்னேன். அந்தத் தையல்காரம்மாகிட்ட உண்மையைச் சொல்ல விட்டுட்டாங்க. என்னை மன்னிச்சிடுங்க."

கோபமோ அழுகையோ வரும் என்று காத்திருந்தாள். அந்த அம்மா கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா. என்னை யாரும் தேட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவங்க வாசல்ல நின்னு, உன் தங்கச்சி தேடுறான்னு சொன்னாங்க பாரு. நான் இல்லன்னு சொன்னா அடுத்த இடத்துக்குப் போயிடுவாங்க. அதான் எழுந்து நின்னேன்."

படியில் தையல்காரியின் காலடி கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஏறி வந்தார்.

அந்த அம்மா குனிந்து, அவசரமாக, ரகசியம் கேட்கிற குரலில் கேட்டார். "அவங்க கேட்டா சொல்லணும். நான் எதுக்கு வீட்டை விட்டுப் போனேன்?"

பேராசிரியை அதை எழுதவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்ட அத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். மூக்கு விடைக்க அந்த முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ புறப்பட்டு வந்த அழுகையில் அவள் உடம்பே குலுங்கியது.

"என்னாலதான்க்கா," என்றாள். "நான்தான் உன்னைப் போன்னு சொன்னேன்."