நாலு விரற்கடை தூரம்

கடல் எங்கள் ஊரிலிருந்து வெகு தூரம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். அதற்கு மேல் கவலைப்பட யாருக்கும் அவசியம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் மட்டும் உள்ளறைச் சுவரில் இந்தியப் பெருங்கடல் முழுவதும் ஒரு வரைபடமாக ஆணியில் தொங்கியது. அப்பா சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி.

கப்பல் எங்கே இருக்கிறது என்பதை அப்பா தினமும் மத்தியானம் இரண்டு எண்களாக மெயிலில் அனுப்புவார். அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. அங்கிருந்து அதிகம் எழுத முடியாதாம், சௌக்கியமா என்று கேட்கக்கூட இடமில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் நான்தான் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த எண்களைப் படிப்பேன். படத்தில் இடத்தைத் தேடிப் பிடித்து, அம்மாவின் அட்டையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிப் பக்கத்தில் தேதி போடுவேன். ஆறாம் வகுப்பில் இவ்வளவு பெரிய உத்தியோகம் வேறு யாருக்கும் கிடையாது என்ற கர்வம் எனக்கு உண்டு.

அம்மா ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஆறரை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே படத்தின் முன் போய் நிற்பாள். நேற்றைய பொட்டுக்கும் இன்றைய பொட்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை வைத்து அளப்பாள். ஒரு விரற்கடை இருக்கும். "சரியா ஓடறது" என்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் அப்பா சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்து வீடு திரும்புகிறார். இன்னும் மூன்றே பொட்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாயிற்று. எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை தாழ்வுப் பகுதி என்றால் லீவு. அறிவியல் பரீட்சைக்கு நான் ஒரு வரி படித்திருக்கவில்லை. ஆகவே, இது புயலாகி லீவு விட்டால் பதினோரு பிரதட்சிணம் செய்கிறேன் என்று சக்கரத்தாழ்வாரிடம் மனதார வேண்டிக்கொண்டேன். கடலில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை.

என் எந்த வேண்டுதலையும் அவர் இத்தனை சுறுசுறுப்பாகக் கவனித்ததில்லை. மறுநாளே அது புயலாகி லீவும் விட்டுவிட்டார்கள். தென்மேற்கு வங்கக் கடல் கடும் கொந்தளிப்புடன் இருக்கும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று டிவியில் சொன்னார்கள். நான் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா அலுவலகம் கிளம்பும் முன் புயல் இருக்கும் இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து, அட்டையில் தேடி ஒரு கறுப்புப் பொட்டை எடுத்துப் படத்தில் ஒட்டினாள். அப்பாவின் சிவப்புப் பொட்டுக்கும் அதற்கும் நடுவே அரை விரல்கூட இல்லை. என் வேண்டுதல்தான் அங்கே கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது.

அன்று மெயில் வரவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பிய அம்மா, "பொட்டு எங்கடி?" என்றாள். வரவில்லை என்றேன். "எனக்குப் பசிக்கலை. நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் படத்தின் எதிரே உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்கு ஓடினேன். வேண்டுதலை வாபஸ் வாங்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பதினோரு பிரதட்சிணத்தையும் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன். நாலாவது சுற்றில் பட்டர் பார்த்துவிட்டார். "ஏண்டி கொழந்தே, இப்படித் தலைகீழா சுத்தறே? அபசாரம்!" என்று என்னைத் திருப்பிவிட்டார். நேராகச் சுற்றினால் புயல் இன்னும் பலமாகிவிடுமே என்று பயந்து, சுற்றாமலேயே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றும் மெயில் இல்லை. டிவியில் காட்டிய மேகப் படத்தில் வங்கக் கடல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. இந்தப் பக்கம் அரபிக் கடல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு மேகம் இல்லை. சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து லட்சத்தீவுக்குப் பக்கத்தில் ஒட்டித் தேதியும் போட்டேன். அம்மா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிடக் கூடாதே என்று மோடத்தின் வயரையும் பிடுங்கிவிட்டேன்.

அம்மா வந்து படத்தின் முன் நின்றாள். பழைய பொட்டிலிருந்து விரலை வைத்துக்கொண்டு இலங்கையைச் சுற்றி வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதில் விரல் அப்படியே நின்றது.

"மெயில் வந்துதா?"

"வந்துதும்மா. அப்புறம் நெட் போயிடுத்து."

அம்மா திரும்பி என்னையே பார்த்தாள். "மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடலை."

"அப்பா நன்னா தூரமா வந்துட்டார்டி. வா, சாப்பிடலாம்."

சாத்துமது சாதம் பிசைந்து முதல் கவளத்தை அவள் சாப்பிட்டாள். அடுத்ததை எனக்கு ஊட்டினாள். ஊட்டி முடிக்கும்வரை அவள் படத்தின் பக்கம் திரும்பவேயில்லை, இரண்டு நாள் பசி என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பிடுங்கிய வயரை மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் திரும்பச் சொருகிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. அந்த ஒரு தடவை மட்டும் எண்களோடு இரண்டு வரியும் இருந்தது. காற்றில் ஆன்டெனா பழுதாகிவிட்டதாம். புயலுக்கு விலகிக் கேப்டன் கப்பலை வெகுதூரம் தெற்கே திருப்பிவிட்டாராம். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, சரியான இடத்தில் தானே ஒரு பொட்டு ஒட்டினாள். நான் ஒட்டியதை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா வந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்து, "என்னைக் கேக்காம கப்பலை அரபிக் கடலுக்குக் கொண்டுபோனது யாரு?" என்றார்.

"நான்தான். கை தவறி ஒட்டிட்டேன்" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். ஒட்டியது நான் என்பதை அவள் மறந்தேவிட்டாள் போலும் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "இந்தப் படத்துல கப்பல் ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைதான் போகும். என்னதான் முடுக்கினாலும் ரெண்டு நாள்ல நாலு போகாது, தெரியுமோ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு மாதமாகத் தினமும் விரல் வைத்து அளந்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போயிற்றே என்று அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. சொன்னால் வருத்தப்படுவாள் என்று அவளிடம் நான் சொல்லவேயில்லை.